வெல்ஃபேர் ஆபீசர் கதவைத் தட்டினால்

சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை "மாத்தா வந்து பிடிச்சிட்டுப் போயிடும்" என்று போலீஸைச் சொல்லி மிரட்டுவது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. பெரியவர்களுக்கு அந்த மாத்தாவின் இடத்தில் இருப்பது வெல்ஃபேர். மேல்மாடியில் ஒரு பிள்ளை தினமும் அடிபட்டு அழுகிறது, அந்த வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அது தெரியும். யாராவது ஒருவர் "சொல்லிடலாமா?" என்று கேட்டால் போதும், "ஐயோ வேணாம், வெல்ஃபேர்ல இருந்து வந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, குடும்பமே உடைஞ்சிடும்" என்று பதில் வந்துவிடும். பினாங்குப் பெருநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஒரு பையனின் விஷயத்தில் பல வாரங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இந்த வேலை என்ன என்பதை, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வதுபோல், முதலிலிருந்து சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாம் வெல்ஃபேர் என்று சொல்வது மலேசிய அரசாங்கத்தின் சமூகநல இலாகாவை. மலாயில் ஜபாத்தான் கெபாஜிக்கான் மாஷாராக்கட், சுருக்கமாக ஜே.கே.எம். 1946இல் தொடங்கப்பட்டது, இப்போது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ் இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் அலுவலகம் உண்டு. முதியோர் உதவித்தொகை, உடற்குறையுள்ளோருக்கான ஓ.கே.யூ. அட்டை என்று நாம் போய் வரிசையில் நிற்பதும் அதே அலுவலகத்தில்தான். அங்கே பிள்ளைகள் தொடர்பான கேஸ்களைப் பார்க்கும் அதிகாரிக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் பெலிண்டுங். தமிழில் சொன்னால் பாதுகாவலர்.

இந்தச் சட்டம் வந்த கதையில் நம் வீட்டுத் துக்கமும் ஒன்று இருக்கிறது. 1990இல் கோலாலம்பூரில் இரண்டு வயதுத் தமிழ்க் குழந்தை ஒன்று கொடுமைப்படுத்தப்பட்டு இறந்துபோனது. நாடே அதிர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1991இல், குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அதையும் வேறு இரண்டு பழைய சட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சிறார் சட்டம் 2001 என்று ஆக்கினார்கள். 2016இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். இப்போது, பிள்ளையைக் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் கைவிட்டாலோ 50,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 18 வயது நிரம்பாத எல்லோரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் பிள்ளைகள்தான்.

தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை, குற்றத்தை விசாரிப்பது போலீஸின் வேலை. பாதுகாவலரின் வேலை வேறு. யார் குற்றவாளி என்பதற்கு முன்னால் அவர் இன்னொரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும்: இன்றைக்கு ராத்திரி இந்தப் பிள்ளை எங்கே தூங்கினால் பத்திரம்? நான் பார்த்த வரையில், இந்த வேலையில் இருக்கும் எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

அந்தப் பையனின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றித்தான் ஆக வேண்டும்; இப்படிப்பட்ட கேஸில் இருக்கும் பிள்ளையின் பெயர், முகம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சிறார் சட்டமே தடை செய்கிறது. காயத்தைப் படம் எடுத்து "எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனத்தில் வையுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும் அந்தப் படம் எங்கேயாவது இருக்கும்.

மூன்றாம் ஆண்டுப் பையன். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பிறைத் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிப்ட். வீட்டில் பாட்டி, தங்கச்சி, அப்புறம் அப்பாவின் தம்பி. ஒரு நாள் காதின் மேல்பகுதி கன்றிப்போய் வந்தான். "விழுந்துட்டேன் டீச்சர்" என்றான். நான் விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து முதுகில் கோடு கோடாக. தலைமையாசிரியரிடம் சொன்னோம், தகவல் போனது. மறுநாளே அதிகாரி வந்தார். மலாய்க்காரப் பெண், முப்பது வயதிருக்கும். பாட்டிக்குத் தமிழ் தவிர வேறு பாஷை வராது என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூடவே அழைத்துப் போனார்.

அவர் கையில் விலங்கோடு வருவார் என்பதுபோல ஒரு பயத்தோடு நான் போனேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஃபைலைத் திறக்கவே இல்லை. பாட்டியின் கால் வீக்கத்தைப் பற்றி விசாரித்தார். கிளினிக்கில் கொடுத்த மருந்தைக் காட்டச் சொன்னார். அதை எடுக்கப் பாட்டி எழுந்தபோது கூடவே எழுந்து சமையலறை வரைக்கும் நடந்தார். அங்கே அரிசி இருக்கிறதா, குளிர்பெட்டியில் பிள்ளைகள் சாப்பிட ஏதாவது இருக்கிறதா, மண்ணெண்ணெய், கத்தி எல்லாம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவர் கண் ஓடியதை நான் கவனித்தேன். சோதனை போடுவதுபோல் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பிறகு பையனிடம், "எங்கே தூங்குவ? எனக்குக் காட்டறியா?" என்று கேட்டார். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். சாமி மேடைக்குக் கீழே ஒரு பாய், இரண்டு தலையணை. ஒன்று அவனுக்கு, இன்னொன்று தங்கச்சிக்கு. அந்த இடத்துக்கு நேர் எதிரே சித்தப்பாவின் அறைக் கதவு. அதிகாரி அந்தப் பாயில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்த நேரத்தில் நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். பையனிடம் குனிந்து, "சித்தப்பா அடிச்சாரா கண்ணு?" என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அதிகாரி என் தோளைத் தொட்டு நிறுத்தினார். வெளியே வந்த பிறகுதான் காரணம் சொன்னார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். பயத்தில் சொல்லும், பாசத்தில்கூடச் சொல்லும். நாளைக்கு நீதிமன்றத்தில் "டீச்சர் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறான்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் அந்தச் சாட்சியம் அங்கேயே சரிந்துவிடும். "இது எப்படி ஆச்சு?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டு, அவன் சொல்வதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்கவும் கூடாது. பாலியல் கொடுமை என்ற சந்தேகம் வந்தால் இன்னும் கவனம் தேவை. பயிற்சி பெற்றவர்கள் பிள்ளையிடம் பேசி அதை வீடியோவில் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்ள 2007இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் ஆட்களை அதிகம் பாதிக்கிற விஷயம். வரும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். அப்போது வீட்டில் நன்றாக மலாய் பேசுகிற ஒருவர் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்வார். பிள்ளையை அடிப்பவர் அவராகவே இருக்கக்கூடும். தமிழ் தெரிந்த வேறு யாராவது வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

சரி, காதுக்கு வருவோம். பிள்ளைகள் விழத்தான் செய்வார்கள். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முட்டி, கணுக்கால் மேல்பக்கம், நெற்றி, முழங்கை எல்லாம் அடிபடும். விழும்போது முதலில் தரையில் படுவது அந்த எலும்புகள்தான். காது, கழுத்து, வயிறு, தொடையின் உள்பக்கம் அவ்வளவு சுலபத்தில் தரையில் படாது. தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் உடம்பில் கன்றிய தடம் இருந்தால் அது எங்கே இருந்தாலும் உடனே டாக்டர் பார்க்க வேண்டும். சட்டமும் காயம் என்றால் என்ன என்பதைப் பொத்தாம்பொதுவாக விடவில்லை. கீறல், கன்றல், தழும்பு, எலும்பு முறிவு, சுளுக்கு, தீக்காயம், வெந்நீர் பட்ட காயம், நினைவு தப்புதல் என்று வரிசையாகப் போய், முடியோ பல்லோ போவதையும் சேர்த்துச் சொல்கிறது. மனத்தில் ஏற்படும் காயமும் அதில் உண்டு: பிள்ளை பயந்து ஒடுங்கிப்போவது, காரணமில்லாமல் முரட்டுத்தனம் காட்டுவது, வயதுக்குரிய வளர்ச்சி தடைப்படுவது. "கண்டிச்சு வளர்க்கிறோம்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இப்போது எல்லோரும் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாமா? போகலாம், அதற்கு அதிகாரம் இருக்கிறது. பிள்ளைக்குப் பாதுகாப்பு தேவை என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் பாதுகாவலரோ போலீஸ் அதிகாரியோ தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைச் சிறார் நீதிமன்றத்தின் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அதன்பிறகு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது நீதிமன்றம், அதிகாரி இல்லை. அங்கே மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்கார்வார்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வெளியாட்களுக்கு இடமில்லை.

நீதிமன்றத்துக்கு அதிகாரி ஒரு அறிக்கை கொடுப்பார். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு எல்லாம் அதில் இருக்கும். இதுதான் இந்த வேலையில் யார் கண்ணுக்கும் தெரியாத பெரிய பங்கு. வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டும், கிளினிக்குக்குப் போக வேண்டும், வேறு ஊரில் இருக்கும் மாமாவைத் தேடிப் பேச வேண்டும். குடும்பத்தின் குறையை மட்டும் எழுதினால் அது நல்ல அறிக்கை இல்லை. இந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க இந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் தேடி எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு, ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோரிடம் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு பிள்ளையை வீட்டிலேயே விடலாம். தகுந்த உறவினரிடமோ வேறு நல்ல மனிதரிடமோ ஒப்படைக்கலாம். காப்பகத்துக்கு அனுப்பினாலும் அது 3 ஆண்டுக்கு அல்லது 18 வயது முடியும் வரைக்கும், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைக்கும்தான். பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பெற்றோரின் மானமோ ஊர்ப் பேச்சோ அதில் எங்கேயும் இல்லை.

அந்தப் பையன் காப்பகத்துக்குப் போகவில்லை. அதிகாரி அன்றைக்கு ராத்திரியே அம்மாவை வேலை இடத்திலிருந்து வரவழைத்துப் பேசினார். அம்மா அழுதார். "அடிப்பது தெரியும், ஆனால் வாடகையில் பாதி கொழுந்தன் கொடுக்கிறார்" என்றார். நிபோங் தெபாலில் அம்மாவைப் பெற்றவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே போனார்கள். பின்னர் நீதிமன்றமும் அந்த ஏற்பாட்டையே உத்தரவாக்கியது. அதிகாரி அதோடு விட்டுவிடவில்லை. அங்கும் போய்ப் பார்த்தார், பள்ளி மாற்றத்துக்கு அலைந்தார், அம்மாவின் பெயரில் உதவித்தொகைக்கு மனு எழுதினார். சித்தப்பாவின் விஷயம் போலீஸ் கைக்குப் போனது.

வறுமையையும் புறக்கணிப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு லாயக்கு. குளிர்பெட்டி காலியாக இருக்கும் வீட்டில் பாசம் நிறைந்திருக்கலாம். அங்கே தேவை உதவித்தொகை, பிள்ளையைப் பிரிப்பது இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை மூன்று வயதுத் தம்பிக்குக் காவலாக வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு ராத்திரி வேலைக்குப் போவது சட்டப்படி குற்றம். அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. வேறு வழி தெரியாமல்தான் பல அம்மாக்கள் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பிடிபடும் வரை காத்திருக்காமல் தாங்களே மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது எவ்வளவோ மேல்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வந்தால் இந்த வேலையின் முகமே மாறிவிடும். பிள்ளை "வேண்டாம்" என்றாலும் அதிகாரி அதைக் காப்பாற்ற வேண்டும். எழுபது வயது ஐயா ஒருவர் தெளிவான புத்தியோடு "வேண்டாம்" என்று சொன்னால்? உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்தில் ஒரு பிளாட். மகன் அப்பாவின் பேங்க் கார்டை வைத்துக்கொண்டு உதவித்தொகையை எடுத்துக்கொள்கிறான், குடித்தால் கை நீட்டுகிறான். தகவல் கிடைத்து அதிகாரி போகிறார். ஐயா, "என் மகன்தானே அம்மா, நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க" என்கிறார். அவரை வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. அவர் வாழ்க்கை, அவர் முடிவு.

அப்படியென்றால் அதிகாரி ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். முதலில், ஐயா அதைச் சொன்னபோது மகன் எங்கே நின்றான் என்று பார்ப்பார். பக்கத்திலேயே நின்றிருந்தால் அந்தப் பதிலை முழுசாக எடுத்துக்கொள்ள மாட்டார். ரத்த அழுத்தம் பார்க்க ஐயா கிளினிக்குக்கு வரும் நாளில் அங்கே தனியாகச் சந்திக்கலாம். அவருக்கு நாள், கிழமை, மாதம் எவ்வளவு பணம் வருகிறது என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளலாம். மறதி நோய் என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்பலாம். கையில் என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் திரும்பவும் வரலாம். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ வரும்போது ஐயா மனம் திறப்பார். இந்தப் பொறுமைக்குச் சம்பளச் சீட்டில் கணக்கு இல்லை.

சட்டத்திலும் வழி உண்டு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் என்றாலே கணவன் மனைவி பிரச்சினை என்று நினைக்கிறோம். அது பெற்றோரையும் காக்கும். முதுமையாலோ நோயாலோ ஊனத்தாலோ இயலாமல்போய்க் குடும்பத்தில் ஒருவராக வாழும் பெரியவரைத் தனியாகவே குறிப்பிடுகிறது. 2017இல் செய்த திருத்தத்தில், ஒருவரின் சொத்தை நேர்மையில்லாமல் எடுத்துக்கொண்டு பண இழப்பால் மன உளைச்சல் தருவதும் வன்முறைதான் என்று சேர்த்தார்கள். ஆகவே, ஐயாவின் பேங்க் கார்டு வெறும் வீட்டுச் சமாச்சாரம் இல்லை. அதே திருத்தத்தின்படி 2018 முதல் சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அது 7 நாள் செல்லும், அதற்கு முதலில் போலீஸ் புகார் செய்திருக்க வேண்டியதில்லை. அந்த ஏழு நாளில் புகார் செய்வதா, மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்பதா, எங்கே தங்குவது என்பதையெல்லாம் பாதிக்கப்பட்டவர் நிதானமாக யோசிக்கலாம். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கும் ஓ.எஸ்.சி.சி. மையத்துக்குப் போகலாம். டாக்டர், போலீஸ், சமூகநல அதிகாரி என்று ஒவ்வொரு வாசலாக அலையாமல் ஒரே இடத்தில் எல்லாரையும் பார்க்க அங்கே ஏற்பாடு உண்டு. பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத 60 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்ஙான் இல்லங்கள் இருக்கின்றன.

இவ்வளவும் செய்கிறவர் ஒரே மனிதர். காலையில் நீதிமன்றம், மத்தியானம் மருத்துவமனை, சாயங்காலம் எங்கோ ஒரு பிளாட்டின் பதினான்காவது மாடி. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகக் கூடாது. சுமக்காமல் இருக்கவும் முடியாது. அன்றைக்கு வந்த அந்தப் பெண், காரில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு "அந்த ரெண்டு தலையணை" என்று மலாயில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். சமூகப் பணிப் படிப்பு நம் ஊரிலேயே இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் 1975லேயே அதைத் தொடங்கியது. தமிழ் தெரிந்த ஒருவர் அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

தகவல் யார் கொடுக்க வேண்டும்? பிள்ளை கொடுமைக்கு ஆளானதாக நம்பினால் டாக்டர், குடும்பத்தினர், காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் ஆகியோருக்குச் சட்டம் அதைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. பாலியல் கொடுமை என்றால் தெரிந்த எல்லோருக்கும் அது கடமை. மற்றவர்கள் மனசாட்சிப்படி செய்யலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது அவதூறு வழக்குப் போட முடியாதபடி சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. ஆதாரத்தைத் தேடி எடுத்து வர வேண்டியது உங்கள் வேலை இல்லை. சந்தேகத்தைச் சொன்னால் போதும், மற்றதைப் பார்க்கத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

தகவல் சொல்ல எண் 15999, தாலியான் காசிஹ் என்ற உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அடி விழுந்துகொண்டிருக்கும் அந்த நிமிடமே என்றால் 999. என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று கேட்பார்கள். பிள்ளைக்குச் சுமாராக எத்தனை வயது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வீட்டு எண் தெரியாவிட்டாலும் எந்த பிளாக், எத்தனையாவது மாடி, லிஃப்டிலிருந்து இறங்கினால் இடப்பக்கமா வலப்பக்கமா, வாசலில் என்ன நிறத்தில் செருப்பு அடுக்கு என்று சொல்லுங்கள். கண்டுபிடித்துவிடுவார்கள்.